டெல்லிக்குப் போனா எங்கே ஷாப்பிங் பண்றது? - கொஞ்சம் சரித்திரத்தோட

"மூணு வாரம் டெல்லி போய் ஆணி புடுங்கிட்டு வா"ன்னு ஆபீஸ்ல அனுப்பி வச்சாங்க. டிசம்பர் மாசம். டிக்கெட் வர்றதுக்கு முன்னாடியே வீட்ல லிஸ்ட் வந்துடுச்சு. அம்மாவுக்கு ஸ்வெட்டர் (சென்னையில எதுக்குன்னு கேக்கப்படாது), தங்கச்சிக்கு ஜூத்தி செருப்பு ரெண்டு ஜோடி, பெரியம்மாவுக்கு பாதாம், குங்குமப்பூ. நான் வழக்கம் போல மறந்துட்டுப் போன லேப்டாப் சார்ஜர் வேற. ஆக மொத்தம் ஆறு நாள் சனி, ஞாயிறு, ஒரு மெட்ரோ கார்டு, அரைகுறை ஹிந்தி. கிளம்பிட்டேன்.

முதல் சனிக்கிழமை சாந்தினி சௌக். (ஞாயிறு போகாதீங்க மக்களே, முக்கால்வாசி கடை மூடியிருக்கும்.) ஷாஜஹான் ஆக்ராவிலேர்ந்து தலைநகரை மாத்தி ஷாஜஹானாபாத்ங்கிற புது ஊரைக் கட்டினார். செங்கோட்டை 1648ல முடிஞ்சுது. அதுக்கு எதிர்ல இந்தக் கடைத்தெருவை 1650ல அமைச்சது அவரோட மக ஜஹானாரா. தெரு நடுவுல ஒரு கால்வாய், ஒரு இடத்துல சதுக்கம், அதுல ஒரு குளம். நிலா வெளிச்சம் அந்தத் தண்ணியில தெரியும்கிறதாலதான் "நிலாச் சதுக்கம்"னு பேரு வந்துதாம். முதல்ல அந்தச் சதுக்கத்துக்கு மட்டும் இருந்த பேரு, அப்புறம் தெரு முழுசுக்கும் ஆயிடுச்சு. பக்கத்துலயே வியாபாரிகள் தங்க ஒரு பெரிய சத்திரமும் ஜஹானாரா கட்டினார்.

இப்போ குளமும் இல்ல, சத்திரமும் இல்ல. 1739ல நாதிர் ஷா இதே தெருவுல இருக்கிற சுனேரி மசூதியில உக்காந்துக்கிட்டுதான் ஊரையே வெட்டச் சொன்னான். 1857 கலகம் அடங்கினதும் வெள்ளைக்காரன் நகரத்து ஜனங்களை மொத்தமா வெளியே துரத்தினான். இந்துக்களை அடுத்த வருஷம் உள்ளே விட்டான், முஸ்லிம்கள் இன்னும் ரொம்ப நாள் காத்திருந்தாங்க. ஜஹானாராவோட சத்திரத்தை இடிச்சுட்டு அந்த இடத்துல டவுன் ஹால் கட்டினான். அந்தக் கட்டடம் இன்னிக்கும் நிக்குது.

கீழே கடைகள் மட்டும் எப்படியோ திரும்பத் திரும்ப முளைச்சிருக்கு. வெள்ளிக்கு தரீபா கலான், கல்யாண ஜரிகைக்கு கினாரி பஜார், புத்தகத்துக்கு நயி சடக், மசாலாவுக்கு காரி பாவ்லி. காரின்னா உப்பு, பாவ்லின்னா படிக்கிணறு. உப்புத்தண்ணிக் கிணறு போய், பேரு மட்டும் தங்கியிருக்கு. அந்த மொளகா மூட்டைங்களுக்கு நடுவுல தும்மிக்கிட்டே பெரியம்மாவோட பாதாமை வாங்கி முடிச்சேன். 2021ல பிரதான தெருவைச் சீரமைச்சு, பகல்ல மோட்டார் வண்டியை நிறுத்திட்டாங்க. நடக்கறதுக்கு இப்போ நல்லாவே இருக்கு.

மறுநாள் கனாட் பிளேஸ். 1911ல தர்பார் வச்சு, தலைநகரம் கல்கத்தாவிலேர்ந்து டெல்லிக்கு மாறுதுன்னு அறிவிச்சாங்க. புதுத் தலைநகரத்துக்கு ஒரு கடைவீதி வேணுமே? ராபர்ட் டார் ரஸ்ஸல்ங்கிற கட்டடக் கலைஞர், இங்கிலாந்துல பாத் நகரத்துல இருக்கிற ராயல் கிரசென்ட்டை மனசுல வச்சு, வட்டமா வெள்ளைத் தூண் வரிசையோட வரைஞ்சு குடுத்தார். 1929ல ஆரம்பிச்சு 1933ல முடிச்சாங்க. பார்க்க அம்சமாத்தான் இருக்கு. ஆனா அது காலி மனை இல்ல. மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார்னு கிராமங்கள் இருந்த இடம். அந்த ஜனங்களைக் கிளப்பி மேற்கே கல்லும் முள்ளுமா கிடந்த பக்கம் அனுப்பினாங்க. அந்த இடம்தான் கரோல் பாக்.

(கனாட் பிளேஸ் பக்கத்துல பாபா கடக் சிங் மார்க்ல எல்லா மாநில எம்போரியமும் வரிசையா இருக்கு. நம்ம பூம்புகாரும் இருக்கு. அங்கே போய் தஞ்சாவூர் தட்டு வாங்கிட்டு வந்துடாதீங்க :-))

சார்ஜருக்காக அடுத்த வாரம் கரோல் பாக் போனேன். அங்கே கஃபார் மார்க்கெட்னு ஒண்ணு. நம்ம எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானோட பேர்ல இருக்கிற மார்க்கெட். செல்போன், சார்ஜர், வாட்ச், சென்ட்டு, எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்துல ஃபாரின் சாமான் வேணும்னா டெல்லிக்காரங்க வந்து நின்ன இடம் இது. உள்ளே நுழைஞ்சதும் எனக்கு சட்டுன்னு பர்மா பஜார்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு. அது ஏன்னு கடைசியில சொல்றேன்.

சாணக்கியபுரிப் பக்கம் தங்கியிருந்த டீம் லீட், கான் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். உலகத்துல கடை வாடகை அதிகமான தெருக்களைக் கணக்கெடுக்கும்போது இந்தியாவிலேர்ந்து அடிபடற பேரு இது. ஒரு காபி விலையைப் பார்த்துட்டு தண்ணி மட்டும் குடிச்சேன். இந்தக் கான் யாருன்னு நினைக்கிறீங்க? எல்லை காந்தியோட அண்ணன், டாக்டர் கான் சாஹிப்.

பிரிவினை சமயத்துல வடமேற்கு எல்லை மாகாணத்துல முதல்வரா இருந்தவர் அவர். காங்கிரஸ்காரர். பாகிஸ்தான் பிறந்த கொஞ்ச நாள்லயே, 1947 ஆகஸ்ட்டுலயே அவரோட மந்திரிசபையைக் கலைச்சுட்டாங்க. அந்த மாகாணத்துலேர்ந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் 1951ல அரசாங்கம் கீழே கடை, மேலே வீடுன்னு கட்டிக் குடுத்த மார்க்கெட் இது. அதுக்கு ஒரு பட்டாணிய முஸ்லிம் தலைவரோட பேரை வச்சிருக்காங்க. அவர் 1958ல லாகூர்ல கொலை செய்யப்பட்டார். பிரிவினையை எதிர்த்த தம்பி, பாகிஸ்தான் ஜெயில்கள்ல வருஷக்கணக்கா கிடந்து, 1987ல பாரத ரத்னா வாங்கி, 1988ல பெஷாவர்ல காலமானார். எல்லைக்கு அந்தப் பக்கமே இருந்துட்ட அண்ணன் தம்பிக்கு இந்தப் பக்கம் ஆளுக்கொரு மார்க்கெட்!

1941 கணக்குப்படி டெல்லி ஜனத்தொகை சுமார் 9.2 லட்சம். 1951ல 17.4 லட்சம். பஞ்சாப், சிந்து, எல்லை மாகாணம்னு வந்து சேர்ந்த அகதிகள் மட்டும் சுமார் 5 லட்சம் பேர். கிங்ஸ்வே கேம்ப்ல கூடாரம், நடைபாதையில வண்டிக்கடை. அதே சமயம் டெல்லியை விட்டுப் போன முஸ்லிம்கள் சுமார் 3.3 லட்சம். அவங்கள்ல நிறைய பேர் புராணா கிலாவுலயும் ஹுமாயூன் கல்லறையிலயும் காத்திருந்துட்டு ரயிலேறினவங்க. கரோல் பாக்லயும் பழைய டெல்லியிலயும் அவங்க பூட்டிட்டுப் போன கதவுகளைத் திறந்துதான் இவங்கள்ல பல பேர் குடியேறினாங்க. லாகூர்ல ஒருத்தர் பூட்டின கடையை வேற ஒருத்தர் திறந்த மாதிரியேதான். இதுல ஒரு பக்கத்தை மட்டும் சொன்னா கதை முழுசாகாது.

1959க்கு அப்புறம் வந்த திபெத்திய அகதிகளும் இதே வழிதான். ஜன்பத்ல அவங்க கடை வரிசை இருக்கு. வெள்ளி, பாசிமணி, கல் வச்ச மோதிரம்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெம்பு இல்லாதவங்களுக்கு 1994ல திறந்த டில்லி ஹாட் இருக்கு. டிக்கெட் எடுத்து உள்ளே போகணும், கைவினைக்காரங்களே நேர்ல விப்பாங்க.

கடைசி ஞாயிறு லாஜ்பத் நகர். லாலா லஜபதி ராய் பேர்ல அமைஞ்ச அகதிகள் குடியிருப்பு. அங்கே உள்ளே தள்ளி ஒரு சின்னக் கடையில அம்மாவோட ஸ்வெட்டர். தொள்ளாயிரம் சொன்னாங்க. நான் நானூறுல ஆரம்பிச்சேன். (பாதிக்குக் கீழே கேக்கணும்னு ஆபீஸ்ல டிரெயினிங் குடுத்திருந்தாங்க.) அறுநூறுக்கு வந்துச்சு. நான் கிளம்பற மாதிரி ஆக்டிங் குடுத்தேன். கல்லா பக்கத்துல ஹீட்டரை ஒட்டி உக்காந்திருந்த தாத்தா, "எந்த ஊரு பேட்டா?"ன்னார். "மெட்ராஸ்." "ரொம்ப தூரமாச்சே. உக்காரு, டீ குடி."

சும்மா பேச்சுக்கு, "நீங்க டெல்லியேதானா?"ன்னு கேட்டேன். "லாயல்பூர்"னார். இப்போ ஃபைசலாபாத்னு பேரு. வரும்போது ஆறு வயசாம். அங்கே அவங்கப்பாவுக்கு ஜவுளிக்கடை. இங்கே வந்து கிங்ஸ்வே கேம்ப்ல இருந்துக்கிட்டு தட்டுல சீப்பும் பொத்தானும் வச்சு வித்திருக்கார். லாயல்பூர் கடைச் சாவியைச் சாகிற வரைக்கும் வச்சிருந்தாராம். "திரும்பிப் போயிடுவோம்னு நினைச்சுத்தானே பூட்டிட்டு வந்தோம்"னார், சிரிச்சுக்கிட்டே.

அறுநூறைக் குடுத்துட்டு வந்தேன். நானூறுக்கு அதுக்கப்புறம் வாய் வரல.

இப்போ பர்மா பஜார் கதை. எங்க தாத்தா ரங்கூன்ல பொறந்தவர். 1962ல நே வின் ஆட்சியைப் பிடிச்சு, கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆனதும், 1964ல கப்பலேறி வெறுங்கையோட மெட்ராஸ் வந்து இறங்கினவர். அவரை மாதிரி வந்தவங்க பீச் ஸ்டேஷன் எதிர்ல போட்ட கடைகள்தான் பர்மா பஜார். தாத்தா அங்கேதான் ஒரு சின்னக் கடை வச்சிருந்தார். ஸ்கூல் ஃபாரம்ல அப்பா பேருக்கு நேரா 'பிசினஸ்'னு எழுதுவேன். என்ன பிசினஸ்னு யாரும் கேட்டுடக் கூடாதுன்னு இருக்கும். காலேஜ்ல ஃப்ரெண்ட்ஸோட அந்தப் பக்கம் போனா தாத்தா கடை வழியா போகாம சுத்திப் போயிருக்கேன். அவர் பார்த்தாரான்னு தெரியாது. நான் ஃபைனல் இயர் படிக்கும்போது போய்ச் சேர்ந்துட்டார்.

முன்பின் தெரியாத லாயல்பூர் தாத்தாகிட்ட ஒரு கேள்வி கேட்டேன், அரை மணி நேரம் சொன்னார். கூடவே இருபது வருஷம் இருந்த தாத்தாகிட்ட அதே கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்து அம்மாவுக்கு ஃபோன் பண்ணேன். ஸ்வெட்டர் கலர் சொல்லிட்டு, "தாத்தாவுக்கு ரங்கூன்ல எந்தத் தெரும்மா? என்ன கடை?"ன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "ஏதோ கடைன்னு சொல்வார்டா. தெரு பேரு ஏதோ சொல்வார், பர்மாக்காரப் பேரு. எனக்கும் ஞாபகம் இல்ல. உங்க மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அவரும் இப்போ இல்லையே"ன்னாங்க.

அவ்ளோதான் மக்களே. லாஜ்பத் நகர், சரோஜினி நகர், கரோல் பாக் எல்லாம் திங்கள் லீவு, பார்த்துப் போங்க. ஜூத்தி வாங்கினா ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, கடிக்கும். அப்படியே, வீட்ல பர்மாவிலேர்ந்தோ சிலோன்லேர்ந்தோ வந்த தாத்தா பாட்டி யாராவது இருந்தா, இந்த ஞாயிறு டீயோட பக்கத்துல போய் உக்காந்து தெரு பேரைக் கேட்டு எழுதி வச்சுக்கோங்க.

டிஸ்கி: ஸ்வெட்டர் அம்மாவுக்குக் கச்சிதமா இருக்கு. ஃபேனைப் போட்டுக்கிட்டு ஸ்வெட்டர் போடறாங்க :-)