லியோன் தபால் வண்டிக் கொள்ளை: ஆளைக் காட்டிய சாட்சிகள்

பாரிஸிலிருந்து லியோன் நகருக்குப் புறப்பட்ட தபால் வண்டி, 1796-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி இரவு வழிமறிக்கப்பட்டது. தபாலாளரும் வண்டியோட்டியும் வெட்டிக் கொல்லப்பட்டனர். இத்தாலியில் போரிட்ட பிரெஞ்சுப் படைக்கென அனுப்பப்பட்ட பெருந்தொகை பறிபோனது.

அன்று பகலில், அதே சாலையில் இருந்த விடுதிகளில் நான்கு குதிரைக்காரர்கள் உண்டு, குடித்து, பில்லியர்ட்ஸும் ஆடியிருந்தனர். பொன்னிற முடிக்காரர் ஒருவர் அறுந்த குதிமுள்ளை நூலால் கட்டிக்கொண்டதையும் பார்த்தவர்கள் இருந்தனர். நூல் கட்டிய குதிமுள் ஒன்று பின்னர் கொலை நடந்த இடத்திலேயே கிடைத்தது.

ஜோசஃப் லெசுர்க் எப்படி இதில் சிக்கினார்? போலீசார் எடுத்துச்சென்ற காகிதங்களைத் திரும்பப் பெற, குவெனோ என்ற நண்பர் விசாரணை நீதிபதியிடம் போய்க்கொண்டிருந்தார். வழியில் அவரைச் சந்தித்த லெசுர்க், பேச்சுத் துணையாகக் கூடப் போனார். அவ்வளவுதான்! சாட்சி சொல்ல வந்து காத்திருந்த விடுதிப் பணிப்பெண்கள் இருவர், "அந்த நால்வரில் இவர்கள் இருவரும் உண்டு" என்று உறுதியாகச் சொல்லிவிட்டனர். இன்றைய அடையாள அணிவகுப்பில் ஒத்த தோற்றமுள்ள பலரோடு சந்தேக நபரை நிறுத்துவார்கள். இங்கே அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கொலைகாரனைப் பற்றியே நினைத்துக்கொண்டு காத்திருந்தவர்களின் கண்ணில் ஒரு பொன்னிற முடிக்காரர் பட்டார் என்பதே உண்மை.

லெசுர்க் வசதியானவர், கொள்ளையடிக்கத் தேவையில்லாதவர். சம்பவ நாளில் தாம் பாரிஸில் இருந்ததாகக் கூறினார். அதற்குப் பலர் சாட்சி சொன்னார்கள். ஆனால், அவருக்கு ஆதரவாக வந்த நகை வணிகரின் கணக்கேட்டில் தேதி திருத்தப்பட்டிருந்தது! '9' என்பது '8' ஆக்கப்பட்டிருந்ததை நீதிமன்றம் கண்டுகொண்டது. அதன் பிறகு மற்றவர்களின் உண்மையான சாட்சியும் எடுபடவில்லை. உதவ நினைத்தவரின் ஏடே ஆளைக் கவிழ்த்துவிட்டது. குவெனோ விடுதலையானார், லெசுர்க்குக்கு மரண தண்டனை.

குற்றவாளிகளில் ஒருவனான குரியோல், தண்டனை பெற்ற பிறகு, "லெசுர்க் நிரபராதி" என்று முழங்கினான். பொன்னிறப் பொய்முடி அணிந்து வந்த துபோஸ்க் என்பவனோடுதான் சாட்சிகள் அவரைக் குழப்பிக்கொண்டார்கள் என்றான். குரியோலின் காதலியும் பொய்முடியைப் பற்றி அதையே சொன்னாள். பலனில்லை. அக்டோபர் 30-ஆம் தேதி லெசுர்க்கின் தலை துண்டிக்கப்பட்டது.

பிறகு துபோஸ்க் பிடிபட்டான். நீதிமன்றத்தில் பொன்னிறப் பொய்முடியை அவன் தலையில் வைத்துக் காட்டியபோது, முன்பு லெசுர்க்கைக் காட்டிய ஒரு பெண், தான் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டார். மற்றவர்களோ முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டனர். ஒருமுறை "இவர்தான்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு, அதிலிருந்து இறங்கி வருவது எளிதா என்ன? 1801-ஆம் ஆண்டு துபோஸ்க்கும் தலை வெட்டப்பட்டு மாண்டான்.

லெசுர்க்கின் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக மனுப் போட்டனர். 1868-ஆம் ஆண்டு பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. துபோஸ்க் குற்றவாளி என்பதால் மட்டும் லெசுர்க் குற்றமற்றவர் ஆகிவிட மாட்டார், இருவருமே அங்கே இருந்திருக்கலாம் என்பது நீதிபதிகளின் வாதம்.