உரித்தெடுக்கும் பால்: மாதிரி விமானக் கலையில் மறைப்புத் திரவம்

உண்மையான விமானத்தையோ கப்பலையோ குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்யும் அளவுமாதிரிகளுக்கு வண்ணம் பூசுவோரிடம் சிறு புட்டிகளில் ஒரு நீர்மம் இருப்பதுண்டு. வண்ணம் படக்கூடாத இடத்தில் அதைத் தூரிகையால் இட்டு, அது உலர்ந்து மெல்லிய ரப்பர்த் தோலானதும் மேலே வண்ணம் தெளித்து, வேலை முடிந்தபின் அத்தோலை உரித்துவிடுவார்கள். மறைப்புத் திரவம் எனத்தக்க இந்த நீர்மத்தின் மரபான வகை, அமோனியா சேர்த்த ரப்பர் மரப்பாலே ஆகும். மாதிரிக் கலையின் வரலாற்றை எழுதுவோர் வார்ப்பு அச்சுகளையும் நிறுவனங்களையும் பற்றி விரிவாகப் பேசும் அளவுக்கு இப்புட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும் ஒரு மரம் கண்டம் விட்டுக் கண்டம் பெயர்க்கப்பட்டதையும், அதன் பாலை இறக்கப் பல்லாயிரம் தமிழர் கடல் கடந்து சென்றதையும் சொல்லாமல் இதன் வரலாற்றைச் சொல்ல முடியாது.

ஓரிடத்தை மூடி, மற்ற இடத்தில் நிறமேற்றும் முறை மிகப் பழையது. சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்கு அவுரிநீலம் தோய்க்கும்முன், நீலம் ஏறக்கூடாத பகுதிகளை உருக்கிய மெழுகால் மூடினர். சாயம் ஏறியபின் அம்மெழுகைக் கொதிநீரில் நீக்கவேண்டியிருந்தது. நீர்வண்ண ஓவியர்கள் தாளின் வெண்மையைக் காக்க மெழுகைத் தேய்த்தனர், அல்லது பூசிய வண்ணத்தைப் பின்னர் சுரண்டி எடுத்தனர். ஆங்கில ஓவியர் டர்னர் இதற்காகத் தம் கைவிரல் நகத்தையே பயன்படுத்தியவர். வெப்பமும் சுரண்டலும் இல்லாமல், அடியிலுள்ள பரப்பைக் கெடுக்காமல் விட்டுப்பிரியும் மறைப்புக்கு ரப்பர் தேவைப்பட்டது. ஓவியரின் மேசையில் ரப்பரின் முதல் வேலையும் நீக்குவதாகவே இருந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது: பென்சில் கோட்டை அது அழிக்கும் என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்துவைத்தார்; தேய்த்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே அதன் பெயராகவும் நிலைத்தது.

தொழிற்சாலைகளில் இதே தேவையை முதலில் நிறைவு செய்தது ஒட்டுநாடா. 1920களில் அமெரிக்காவில் இருநிறக் கார்கள் விரும்பப்பட்டபோது, நிறங்கள் சந்திக்கும் கோட்டில் பணியாளர்கள் தாளைப் பசையால் ஒட்டி, பின்னர் அதைக் கிழிக்கையில் புதுவண்ணமும் சேர்ந்து பெயர்வதைக் கண்டு தவித்தனர். அதைப் பார்த்த 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். நேர்கோட்டுக்கும் அகன்ற பரப்புக்கும் இன்றளவும் அதைவிடச் சிறந்தது இல்லை.

பிளாஸ்டிக் மாதிரிகள் தந்த சிக்கல் வேறு வகையானது. 1936இல் இங்கிலாந்தில் ஃபிராக் நிறுவனம் பென்குயின் என்ற பெயரில் 1/72 அளவில் பிளாஸ்டிக் விமானத் தொகுப்புகளை விற்றது. போருக்குப் பின் ஏர்ஃபிக்ஸ் 1952இல் கோல்டன் ஹைண்ட் கப்பலையும், அடுத்த ஆண்டு ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தையும் வெளியிட்டபோது, இரண்டு ஷில்லிங்குக்கு வாங்கி வீட்டில் ஒட்டி முடிக்கும் பொழுதுபோக்காக அது பரவியது. ஸ்பிட்ஃபயரின் சிறகுமுனை முதல் சிறகுமுனை வரையிலான 11.23 மீட்டர் நீளம் 1/72 அளவில் 15.6 செண்டிமீட்டராகிறது; அதே விகிதத்தில், விமானி அறையின் கண்ணாடிக் கூண்டில் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சட்டம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அச்சட்டத்தில் மட்டும் வண்ணம் படவேண்டும், அதன் இருபுறமும் உள்ள வளைந்த கண்ணாடியில் படக்கூடாது என்றால், நேராக வெட்டிய நாடா மடிப்பு விழுந்து இடைவெளி விட்டுவிடும். மூக்குப் பகுதி முழுவதும் சிறுசிறு கண்ணாடிகளால் ஆன ஜெர்மானிய ஹெய்ன்கெல் 111 போன்ற குண்டுவீச்சு விமானத்தின் மாதிரியில் இந்தத் தொல்லை பல மடங்காகும். தூரிகையால் வண்ணம் தீட்டிய காலத்தில் நடுங்காத கை ஒன்றே துணையாயிருந்தது. காற்றழுத்தத்தால் வண்ணத்தைப் பனிபோலத் தெளிக்கும் ஏர்பிரஷ் மாதிரிக் கலைஞர்களின் கைக்கு வந்தபின், எந்த வளைவிலும் தானே படிந்துகொள்ளும் நீர்மம் இன்றியமையாததாயிற்று.

அந்த நீர்மத்தின் ஊற்று பிரேசில். 1876இல் ஹென்றி விக்கம் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றில் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவானவையே முளைத்தன. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டப் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவித் தொடர்ந்து பால் எடுக்கும் முறையை வகுத்தபின், மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்க்கப்பட்டது. பயண உதவி அளித்துத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும்வரை அது நீடித்தது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியும் முன்பே மரத்தடிக்குச் சென்று, பட்டையைச் சாய்கோடாகச் சீவி, அடியில் வைத்த கிண்ணத்தில் பால் சொட்டவிட்டு, வாளிகளில் சேர்த்துச் சுமந்தவர்களின் உழைப்பு, உலகச் சந்தையின் விலை ஏற்ற இறக்கங்களுக்கு அடியில் மறைந்துபோயிற்று. வெட்டுக்கோட்டிலும் கிண்ணத்திலும் தானே உறையும் ரப்பரை ஒட்டுப்பால் என்பர். மரத்தின் வெட்டுக்கோட்டில் படிந்த அந்த இழையைத் தொழிலாளி நீளமாக உருவி எடுத்தபின்பே அடுத்த சீவலைத் தொடங்குவார். மாதிரி விமானத்தின் கூண்டிலிருந்து கலைஞர் உரித்தெடுப்பதும் இதே பண்புடைய படலமே.

மரத்திலிருந்து வரும் பால் சில மணி நேரத்தில் திரிந்து கட்டியாகிவிடும். பாலில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்களைப் புரதப் போர்வை ஒன்று பிரித்தே வைத்திருக்கிறது. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம் அந்தக் காவலைக் குலைக்கிறது. அமோனியா சேர்த்தால் நுண்ணுயிர் அடங்கி, பால் காரத்தன்மையோடு திரவமாகவே நிலைக்கும். 1920களில் மையவிலக்குப் பொறியால் நீரைப் பிரித்து, மூன்றில் ஒரு பங்கு அளவிலிருந்த ரப்பரை 60 விழுக்காடாகச் செறிவாக்கும் முறை வந்தது. அதன்பின் கட்டி ரப்பரோடு திரவப் பாலும் பெருமளவில் கப்பலேறியது. மறைப்புத் திரவப் புட்டியைத் திறந்ததும் மூக்கைத் தாக்கும் நெடி, தோட்டத்துப் பால் கொட்டகையில் எழும் அதே நெடிதான்.

பரப்பில் இட்டதும் நீரும் அமோனியாவும் ஆவியாக, துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. தன்னைத்தான் பற்றும் வலிமை, வழுவழுப்பான பரப்பைப் பற்றும் வலிமையைவிட மிகுதியாக இருப்பதால் ஒரே இழுப்பில் முழுத்தோலாக வருகிறது. மெல்லிதாகத் தடவினால் கிழியும். துளியாக இட்டுப் பரப்பினால் உரியும். புட்டியில் திரவத்தைக் காக்கும் அமோனியாவே சில அக்ரிலிக் வண்ணங்களை இளக்கி, தோலோடு சேர்த்துப் பெயர்த்துவிடுவதுண்டு. தூரிகைமயிர்களுக்கிடையே பால் உறைந்தால் தூரிகை பாழாகும் என்பதால், அதை முதலில் சோப்புக் கரைசலில் தோய்ப்பது வழக்கமாயிற்று. பிரிட்டனின் ஹம்ப்ரால் நிறுவனம் மாஸ்கால் என்ற பெயரில் இதை ஊதா நிறத்தில் விற்றது. எங்கே மூடியிருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கண்ணாடிமேல் காட்டும் அந்த நிறம், எளிய ஆனால் மிகப் பயனுள்ள சிந்தனை.

கண்ணாடியைக் காக்கும் வேலையைத் தாண்டி, சிதைவைக் காட்டும் கருவியாகவும் இத்திரவம் வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய இராணுவ விமானங்கள் பலவற்றில் அடிப்பூச்சு இல்லாமல் பூசிய பச்சை வண்ணம் செதில்செதிலாக உதிர்ந்து, கீழுள்ள அலுமினியம் வெளித்தெரிந்தது. மாதிரிக் கலைஞர்கள் முதலில் வெள்ளிநிறம் பூசி, கடற்பஞ்சுத் துண்டால் திரவத்தை ஆங்காங்கே ஒற்றி, மேலே பச்சை தெளித்து உரிக்கும்போது, அதே உதிர்வு ஒழுங்கற்ற விளிம்புகளோடு உருவாகிறது. தூரிகையால் தீட்டிய செதில் எதுவும் இதற்கு ஈடாகாது.

இயற்கை ரப்பர்ப் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தருவது 1980களின் பிற்பகுதியில் பரவலாக உணரப்பட்டது. செயற்கைப் பொருள்களால் ஆன மறைப்புத் திரவங்களும் இப்போது கிடைக்கின்றன. மரப்பாலால் ஆன திரவத்தின் புட்டிகளிலோ எச்சரிக்கை வரி இடம்பெறுவதுண்டு.  மாதிரிக் கலையின் வரலாற்றை இனி எழுதுவோர், மாதிரித் தொழில் வளர்ந்த இங்கிலாந்தின் ஹல், ஜப்பானின் ஷிசுவோகா நகரங்களோடு ஹெனரத்கொடையையும் மலாயாத் தோட்டங்களின் பால்வெட்டுத் தொழிலாளரையும் அதில் சேர்த்து எழுத வேண்டும்.