சிங்காநல்லூருக்கு வந்த ஜிலேபி

கோவை சிங்காநல்லூர் குளத்தில் பரிசல்காரர்கள் வலையை உதறினால் அதிகம் விழுவது ஜிலேபிக் கெண்டைதான். நொய்யல் ஆற்றில் காலங்காலமாக இருக்கிற மீன் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. மொசாம்பிக் பக்கத்து ஆறுகளும் கழிமுகங்களும்.

1930-களின் பிற்பகுதியில் ஜாவாத் தீவின் தென்கரையில், ஓர் ஆற்று முகத்துவாரத்தில், மூஜாயிர் என்ற உள்ளூர்க்காரர் ஐந்து மீன்களைப் பிடித்தார். அவற்றை மெல்ல மெல்ல நன்னீருக்குப் பழக்கி வீட்டுக் குட்டையில் வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். ஆசியாவெங்கும் பின்னாளில் பரவியவற்றில் பெரும்பகுதி அந்த ஐந்தின் வம்சம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் தாய்லாந்து, இலங்கை என்று கைமாறி, 1952-இல் தமிழகக் கடற்கரை ஊரான மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. தீனிச் செலவில்லாமல் வளரும், உப்புத் தண்ணீரிலும் பிழைக்கும் என்றால் வேறென்ன வேண்டும்? குளம் குட்டைகளிலெல்லாம் விட்டார்கள். நம் பக்கத்து அமராவதி அணையில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு இதுவே என்றானது.

பெருகிய விதம்தான் ஆச்சரியம். ஆண் மீன் சேற்றில் வட்டமாகக் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே எல்லாவற்றையும் வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தும்வரை இரை எடுக்காமல் கிடக்கும். அடைகாக்கும் தாய் வலையில் சிக்கி வெளியே வந்தால், மஞ்சள் முட்டைகள் வாயிலிருந்து பொலபொலவென்று உதிரும். பார்க்கப் பாவமாக இருக்கும். பிறந்த இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்குவதால் குளம் நிறைந்துவிடும். இடநெருக்கடியில் எதுவும் உள்ளங்கை அளவுக்கு மேல் வளராது. 1959-இல் இதைப் பரப்ப வேண்டாம் என்று மீன்வளத் துறையினர் முடிவெடுத்தபோது காலம் கடந்திருந்தது.

மீன் பிடிக்கும் விதமும் தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். கனடாவின் ஆழ ஏரிகளில் டிரவுட் பிடிப்பவர்கள் கோடையில் ஈயம் பொதிந்த தூண்டிலை நூறடிக்கும் கீழே இறக்கி, சுண்டிச் சுண்டி ஆட்டுவார்கள். மேல்நீர் சூடேறியதும் அந்த மீன் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த அடிநீருக்குப் போய்விடும். நம் குளத்தில் நிலைமை தலைகீழ். கோவையின் கழிவுநீர் சங்கனூர்ப் பள்ளம் வழியாக வந்து சேர்கிறது. அடியில் சேறு அழுகுகிறது. அங்கே பிராணவாயு இல்லை. பகலில் பச்சைப் பாசி உண்டாக்கும் வாயுவை இரவில் பாசியும் நுண்ணுயிர்களுமே தீர்த்துவிடுகின்றன. அதனால் சித்திரை, வைகாசி விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து, நீரின் மேற்பரப்பை வாயால் உறிஞ்சிக்கொண்டு நிற்கும். தூண்டில்காரர்களுக்குத் தெரியும்: அந்நேரத்தில் தக்கைக்கும் முள்ளுக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். மண்புழு கோத்து, ஆகாயத்தாமரையின் ஓரமாகப் போட வேண்டும். தக்கை முழுசாக முங்காது, பக்கவாட்டில் மெல்ல நகரும். அப்போதே இழுத்துவிட வேண்டும். கழற்றும்போது முதுகுத் துடுப்பைத் தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவிப் படியவைத்துப் பிடிக்காவிட்டால் முள் கையில் ஏறிவிடும்.

வேறு மீன்கள் செத்து ஒதுங்கும் தண்ணீரில் ஜிலேபி தாக்குப்பிடிக்கிறது. வந்தேறி, நம் மீனை அழித்தது என்று திட்டுகிறார்கள். அதில் பாதி உண்மை. நாட்டுக் கெண்டைகளின் இரையையும் முட்டையிடும் இடத்தையும் அது பறித்துக்கொண்டது. மீதிப் பாதிக்குப் பொறுப்பு நம்முடையது. வெள்ளியங்கிரி மலையிலிருந்து வரும் நொய்யல் நீர் தெளிவாகவே வந்து சேர்ந்திருந்தால் கெளுத்திக்கும் கெண்டைக்கும் போட்டியிட ஒரு களமாவது மிஞ்சியிருக்கும். இன்று அந்தக் குளத்தின் கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஜிலேபியை நம்பித்தான் இருக்கின்றன. விலை குறைந்த மீன் தேடும் வீடுகளும்தான். மீனை ஒழிக்கும் யோசனைகளை விட்டுவிட்டு, பள்ளத்துச் சாக்கடையை முழுவதும் சுத்திகரித்த பிறகே குளத்தில் விட வேண்டும். கரையில் விற்கும் மீனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.