மேசைமேற் போரும் ஊரில்லாத போர்க்களமும்

போரிலிருந்து தப்பி வந்த எமது வீடுகளில் பிள்ளைகள் போர்ப் பொம்மைகளுடன் விளையாடுவதை நாம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம் என்று சென்ற இதழில் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையிற் போடுங்கள் என்ற அவருடைய விடையோடுதான் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நானும் அதையே சொல்லியிருப்பேன். இக்கட்டுரை அவருக்கு மறுப்பு அல்ல. ஒருகாலத்தில் வரலாறு படிப்பித்தவன் என்ற பழக்கத்தில், இந்தப் பொம்மைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்ததன் விளைவு.

எனது மகனுக்குப் பதினாறு வயது. பலெர்மோவில் பிறந்தவன். எங்கள் சாப்பாட்டு மேசையின் அரைவாசி இப்போது அவனுடையது. கையின் பெருவிரல் அளவுகூட இல்லாத, இருபத்தெட்டு மில்லிமீற்றர் அளவிற் சொல்லப்படும் வீரர்கள் அங்கே அணிவகுத்து நிற்கிறார்கள். கடையில் வாங்கும்போது அவை வீரர்கள் அல்ல. சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் சட்டமொன்றில் கை வேறு, கால் வேறு, தலை வேறாகத் தொங்கும் உறுப்புக்கள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு வேறெதுவோ ஞாபகம் வந்து, எழுந்து வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தபோது ஞாபகம் வந்தது எனது வேலைத்தளம். கரீனித் தொழிற்பேட்டையில் நான் நிற்கும் இயந்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிளாஸ்ரிக் மணிகளை உருக்கி, இரண்டு பாதியாகப் பிளந்த உருக்கு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துகிறது. நாங்கள் செய்வது போத்தல் மூடி, அங்கே செய்வது போர்வீரன், அவ்வளவுதான். அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் மயிரிழை போன்ற ஒரு கோடு விழும். எங்கள் மூடிகளில் அதை யாரும் பார்ப்பதில்லை. என் மகனோ கத்தி முனையால் அந்தக் கோட்டைச் சுரண்டி எடுக்க ஒரு வீரனுக்குப் பத்து நிமிடம் செலவழிக்கிறான். சுரண்டாவிட்டால், வண்ணம் பூசியபின் முகத்திற் காயத் தழும்பு போலத் தெரியுமாம். "அச்சு தேய்ந்தால் கோடு தடிக்கும்" என்று நான் சொன்னதுதான் இந்த விடயத்தில் எங்களுக்கிடையே நடந்த முதல் உரையாடல்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டும் திரவம் பசை அல்ல. அது பிளாஸ்ரிக்கையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. பின்னர் கறுப்போ வெள்ளையோ விசிறி அடிப்பூச்சு. அதன்மேல் தண்ணீரில் கரைத்த அக்றிலிக் வண்ணம், ஒரு தடித்த பூச்சாக அல்லாமல் பல மெல்லிய பூச்சுக்களாக. மடிப்புக்களில் தங்கும்படி ஒரு நீர்த்த கரிய வண்ணம். கடைசியாக, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் மேடான இடங்களை மட்டும் தடவி வெளிச்சம் உண்டாக்குவது. ஆனால் அவனுக்குப் பிடித்தது இதுவல்ல, மாற்றியமைத்தல். ஒருவனின் கையை வெட்டி இன்னொருவனுக்கு வைப்பான். மஞ்சளும் நீலமுமாக வரும் இரண்டு களிகளைப் பிசைந்தால் பச்சையாகி, சில மணித்தியாலத்தில் இறுகிவிடும். அதைக்கொண்டு இல்லாத துணிமடிப்பையும் தலைமயிரையும் உண்டாக்குவான். விலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஒரு பெட்டி வீரர்களின் விலைக்கு நான் எத்தனை ஆயிரம் மூடி செய்யவேண்டும் என்று ஒருமுறை கணக்குப் பார்த்தேன், பிறகு பார்ப்பதில்லை.

இனி வரலாறு.

உருவங்களை வைத்துப் போர் ஆடுவதில் எமக்கே மூத்த உரிமை உண்டு. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையின் பெயரே சதுரங்கம். அது பாரசீகம் போய், அரபு நாடுகளினூடாக ஐரோப்பா வந்தது. வந்த வழிகளில் ஒன்று அரபு ஆட்சியிலிருந்த இந்தச் சிசிலித் தீவு. பலெர்மோ அரச மாளிகைக்குள் இருக்கும் காப்பெல்லா பலத்தீனாவுக்குப் போகிறவர்கள் பொன் மொசைக்குகளையே பார்த்துவிட்டு வருகிறார்கள். கழுத்து வலித்தாலும் மேலே மரக் கூரையைப் பாருங்கள். நோர்மன் மன்னன் இரண்டாம் றொஜரின் காலத்தில், 1140களில், முஸ்லிம் ஓவியர்கள் தீட்டிய அக்கூரையில் இருவர் சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்திருக்கிறார்கள். உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய சதுரங்க ஓவியங்களுள் அது ஒன்று. இன்னொரு வேடிக்கை: இத்தாலியர் சதுரங்கத்தில் 'அல்பியேரே' என்று ஒரு காயைச் சொல்வார்கள். அவர்களுக்கு அச்சொல் கொடி பிடிப்பவனைக் குறிக்கிறது. காயின் பெயர் வந்ததோ யானையைக் குறிக்கும் 'அல் பீல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து. எங்கள் யானையை வெட்டி ஒட்டிக் கொடிக்காரன் ஆக்கிவிட்டார்கள். மாற்றியமைக்கும் கலை என் மகனோடு தொடங்கியதல்ல.

சதுரங்கத்தில் நிலம் இல்லை, கட்டம்தான் உண்டு. அதை நிலமாக்கியவர்கள் ஜேர்மானியர். 1780இல் பிறவுன்ஸ்வைக் நகரத்து ஹெல்விக் என்ற ஆசிரியர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களுக்கு ஆறு, காடு, மலை என்று நிறம் தீட்டி ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். 1812இல் ரைஸ்விற்ஸ் என்பவர் கட்டங்களையும் கைவிட்டு, நிலவடிவங்களை மேசையில் இணைத்து அடுக்கும்படி செய்து பிரஷ்ய மன்னனுக்குக் கொடுத்தார். அவருடைய மகன் 1824இல் அதைத் தேசப்படத்துக்கு மாற்றி, சிவப்பும் நீலமுமான உலோகத் துண்டுகளைப் படைகளாக்கி, பகடையையும் நடுவரையும் சேர்த்தார். அதைப் பார்த்த பிரஷ்யப் படைத்தலைமை அது விளையாட்டு அல்ல, போர்ப் பள்ளி என்று கண்டுகொண்டு படைப்பிரிவுகளுக்குப் பரப்பியது. மகன் 1827இல் தற்கொலை செய்துகொண்டார். 1870–71இல் பிரான்ஸைப் பிரஷ்யா வென்றபின் ஏனைய நாட்டுப் படைகளும் இதைக் கற்றுக்கொண்டன. முகாமின் மாதிரியை மண்ணில் அமைத்து ஒத்திகை பார்த்துத் தாக்குவது எமது போரிலும் நடந்தது. அதற்குப் பிரஷ்யாவைப் படித்திருக்கவேண்டிய அவசியமில்லை. போர் நடத்துபவன் எவனும் மேலிருந்து பார்க்க விரும்புவான்.

படைத்தலைவர்களின் துண்டுகளுக்கு முகம் இல்லை. முகம் வந்தது குழந்தைகளின் பக்கத்திலிருந்து. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நூரம்பேர்க் பகுதியில் ஹில்பேர்ட் போன்ற வெள்ளீயத் தொழிலாளர் தட்டையான வீரர்களை வார்த்தார்கள். வார்ப்பது பட்டறையில், வண்ணம் பூசுவதோ வீடுகளில். பெண்களும் பிள்ளைகளும் துண்டுக் கணக்குக் கூலிக்கு, ஒருவர் எல்லா வீரருக்கும் சிவப்பு, மற்றவர் எல்லாருக்கும் நீலம் என்று பூசினார்கள். இன்று பொழுதுபோக்கென்று காசு கொடுத்துச் செய்யும் வேலை அன்று வயிற்றுக்காகச் செய்த வேலை. தொழிற்சாலைக்குப் போகிறவன் இதைக் கவனியாமல் இருக்கமுடியாது. 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெறுமையான ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டது. உருகிய உலோகம் அச்சின் ஓரத்தில் உறைந்தவுடன் மிச்சத்தை வெளியே ஊற்றிவிடுவது. ஈயம் மிச்சம், விலை மலிவு. சாம்ராச்சியத்தின் படைகளெல்லாம் பெட்டி பெட்டியாக வந்தன. மதராஸ் சுதேசக் காலாட்படை என்றும் ஒரு பெட்டி இருந்தது. தமிழ்ச் சிப்பாய்களும் நின்ற படை அது. ஆங்கிலேயப் பிள்ளையின் மேசையில் நாம் முதலில் ஏறியது அப்படித்தான்.

அந்த ஈய வீரரை வைத்துத்தான் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிற்றில் வோர்ஸ்' என்ற சிறு நூலை எழுதினார். வில்லுப் பூட்டிய பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு வீரரை விழுத்தவேண்டும். பெரிய மனிதர்கள் தரையில் முழங்காலில் தவழ்ந்து விளையாடினார்கள். பெரும் போரின் மடமையைப் பார்க்கச் சிறு போர் எவ்வளவோ மேல் என்பது அவருடைய வாதம். அடுத்த வருடமே பெரும் போர் வந்தது. அதே வெல்ஸ் அது போர்களுக்கெல்லாம் முடிவுகட்டும் போர் என்று அதை ஆதரித்து எழுதினார். விளையாட்டு மனிதனைப் போருக்குத் தூண்டும் என்ற நண்பரின் வாதத்துக்கும், விளையாட்டு அவனைத் தெளிவாக்கும் என்ற எதிர்வாதத்துக்கும் வெல்ஸ் ஒருவரே போதுமான பதில் என்று நினைக்கிறேன். இரண்டும் நடக்கவில்லை.

பின்னர் நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். 1962இல் டொனால்ட் பெதர்ஸ்ரனின் நூல் இங்கிலாந்தில் இதைப் பெரியோரின் பொழுதுபோக்காக்கியது. இத்தாலியில் த்ரெவிலியோ ஊரின் அத்லாந்திக் நிறுவனம் 1970களில் மலிவான பிளாஸ்ரிக் படைகளை வெளியிட்டது. மாவோவும் முசோலினியும்கூட ஒரே தொடரில் பெட்டிகளில் வந்தார்கள். 1979இல் இங்கிலாந்தில் சிற்றடெல் வார்ப்பகம். 1983இல் வோர்ஹாமர், 1987இல் அதன் எதிர்கால வடிவமான வோர்ஹாமர் நாற்பதாயிரம். என் மகன் ஆடுவது இதுதான். இந்தக் கற்பனை உலகத்தில் போர் முடிவதே இல்லை. முடிந்தால் வியாபாரம் முடிந்துவிடுமல்லவா.

இத்தனையையும் படித்தபின் எனக்கு ஒன்று உறைத்தது. 1780இலிருந்து இன்றுவரை இந்த மேசைகளில் வீடு உண்டு, வேலி உண்டு, கோவில் உண்டு, கிணறும் உண்டு. சனம் இல்லை. வீடு என்பது குண்டு படாமல் ஒளிக்கும் இடம் மட்டுமே. நடுவரின் கணக்கில் விழுந்த படையாள் உண்டு, பதுங்குகுழிக்குள் இருந்த கிழவி இல்லை. இதை ஒரு ஞாயிறு மகனிடம் சொன்னேன்.

"அப்பா, சனத்துக்கு றூல் இல்லை," என்றான். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவனை பஸ்ஸில் திராப்பனிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெப்போலி அருங்காட்சியகத்தில், அவ்வூரிற் பிறந்து 1718இல் பலெர்மோவில் இறந்த ஜொவானி மத்தேராவுடையவை என்று கருதப்படும் பதினாறு சிற்பக் குழுக்கள் இருக்கின்றன. பொருள், ஏரோது மன்னனின் படை பெத்லகேமிற் குழந்தைகளைக் கொன்றது. மரத்தில் உடல், மேலே பசையில் நனைத்த துணியை மடித்து உடுத்தி, காய்ந்தபின் வண்ணம். துணியின் வேலையை இன்று பச்சைக் களி செய்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அந்தப் போர்க்களத்திற் சனம் உண்டு. சனம்தான் உண்டு. தாய்மார் படையாளின் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நான் அதிக நேரம் நிற்கவில்லை. மகன் ஒவ்வொன்றையும் கண்ணாடிக்குக் கிட்டப்போய்ப் பார்த்தான், துணிமடிப்பு எப்படி விழுந்திருக்கிறது என்று. அவனைக் குறை சொல்லமாட்டேன். கைவேலைக்காரன் அப்படித்தான் பார்ப்பான்.

(பலெர்மோவின் பூப்பிப் பாவைகளைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். சண்டைக் காட்சிக்கென்றே தலை இரண்டாகப் பிளக்கும் பாவை அவர்களிடம் உண்டு. நவம்பர் 2இல், இறந்தோர் நாளில், அதே வீரர்களைச் சீனியில் வார்த்து வண்ணம் தீட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், செத்துப்போன சொந்தக்காரர் கொண்டுவந்தது என்று சொல்லி.)

திராப்பனியால் வந்து சில கிழமைகளில் மகன் கேட்டான்: "அப்பா, மாமாவின்ர உடுப்பு என்ன நிறம்?"

மனைவியின் தம்பி 1996இற் போனவன். இரண்டு வருடத்தில் செய்தி மட்டும் வந்தது. அவனுடைய படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. இருந்த இரண்டையும் மாமியார் அடுப்பில் போட்டார். ஆமி வீடு தேடி வந்தால் படம்தான் முதற் சாட்சி என்று அன்று எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் எரித்தார்கள். நான் மகனுக்கு நிறத்தைச் சொல்லவில்லை. உந்த மேசையில் அவனை வைக்காதே என்று சத்தம் போட்டேன். நண்பரின் கட்டுரையை அன்று நானே எழுதியிருக்கலாம்.

அவன் வைத்தது சீருடையில் அல்ல. ஒரு கற்பனைப் படைவீரனின் கவசம் முழுவதையும் சீவி எடுத்துவிட்டு, களியாற் சாரமும் அரைக்கைச் சட்டையும் போர்த்து, ஒரு சைக்கிளோடு நிறுத்தியிருந்தான். சைக்கிள் மெல்லிய செம்புக் கம்பி. ஊரைப் பற்றித் தாய் சொன்ன கதைகளிலிருந்து எடுத்திருக்கிறான். படம் பிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பின்னால் வளைத்த ஒரு நீலத் தாள், இருபுறமும் இரண்டு விளக்கு, விளக்கின்முன் எண்ணெய்த்தாள். இவ்வளவு சிறிய பொருளுக்குக் கமராவின் துவாரத்தைச் சுருக்காவிட்டால் மூக்கு தெளியும், காது கலங்கும். துவாரத்தைச் சுருக்கினால் வெளிச்சம் குறையும், அதனால் கமராவைத் தாங்கியில் வைத்து, கை படாமல் நேரம் வைத்துச் சுடவேண்டும். கணினித் திரையில் படம் வந்தபோது பெருவிரல் அளவு ஆள் ஒருவன் முழு ஆளாய் நின்றான். எங்கள் வீட்டில் அவனுக்கு இருக்கும் ஒரே படம் அதுதான். யாருக்கும் அனுப்பாதே என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

மனைவி வேலையால் வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் நின்றபடி பார்த்தாள். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அவன் இடக்கையன் எண்டு உங்களுக்கு ஞாபகமில்லையோ? சைக்கிளை வலக்கையாலை பிடிச்சுக்கொண்டு இடக்கையாலை எல்லோ கை காட்டுவான்," என்றாள்.

எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. மகன் கத்தியை எடுத்து இரண்டு கைகளையும் தோளோடு வெட்டி எடுத்தான். புதிய கைக்கான களி இப்போது யன்னலடியில் காய்கிறது.