விண்வெளி நிலையமும் பழைய கம்ப்யூட்டரும்

ஸ்டார் ட்ரெக் ரசிகர்களுக்கு 'டீப் ஸ்பேஸ் நைன்' (1993-1999) தொடர் தெரிந்திருக்கும். கார்டாசியர்கள் கட்டி, பிறகு விட்டுவிட்டுப் போன ஒரு விண்வெளி நிலையம்தான் கதைக்களம். அங்குள்ள பழைய கம்ப்யூட்டர்களோடு தினமும் மல்லுக்கட்டுவது தலைமைப் பொறியாளர் ஓ'பிரையனின் வேலை. 1994-ல் வந்த ஒரு கதையில் அவர் ஒரு பழைய கோப்பை அழிக்கப் போக, கலவரத்தை அடக்குவதற்காக என்றோ எழுதி வைத்த நிரல் விழித்துக்கொள்கிறது. நிலையத்தை முன்பு ஆண்ட கார்டாசிய அதிகாரியே வந்தும் அதை நிறுத்த முடியவில்லை!

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்ட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அது ஏன் அவ்வளவு சுலபமில்லை என்பதற்கு நிஜ உதாரணம் நம் தலைக்கு மேலேயே சுற்றுகிறது.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் பகுதி 1998 நவம்பரில் ஏவப்பட்டது. அமெரிக்க ஆய்வுக்கூடமான டெஸ்டினி 2001 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தது. அப்போது பூமியில் கடைகளில் பென்டியம் 4 வந்துவிட்டது. ஆனால் நிலையத்தை இயக்கிய எம்.டி.எம். என்ற கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் இருந்தது இன்டெல் 1985-ல் வெளியிட்ட 386 வகைச் சில்லு.

இது கஞ்சத்தனம் இல்லை. விண்வெளிக் கதிர்வீச்சு, சில்லுக்குள் இருக்கும் 0-வை 1 ஆக மாற்றிவிடக் கூடியது. எனவே ஒரு சில்லைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, அதற்கேற்ற மென்பொருளை எழுதி, அதையும் சோதித்து முடிக்கப் பல வருடங்கள் ஆகும். அதற்குள் கடையில் மூன்று தலைமுறைச் சில்லுகள் வந்து போயிருக்கும்.

சோதித்தும் பிரச்சினை வந்தது. 2001 ஏப்ரலில் எண்டெவர் விண்கலம் கனடாவின் ரோபோ கையைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டிருந்த நேரம். நிலையத்தின் மூன்று தலைமைக் கம்ப்யூட்டர்களும் அடுத்தடுத்துப் படுத்துவிட்டன. ஒன்றின் ஹார்ட் டிஸ்க்கே பழுதாகியிருந்தது. நல்லவேளையாக எண்டெவர் அங்கேயே நின்றதால் அதன் வழியாகத் தரையோடு பேச முடிந்தது. விண்கலம் கிளம்புவதையும் தள்ளிப்போட்டார்கள். பின்னாளில் சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளை எடுத்துவிட்டு, அசையும் பாகம் இல்லாத நினைவகத்தைப் பொருத்தினார்கள்.

புதுசு மாட்டினால் கவலை தீர்ந்ததா? 2017 மார்ச்சில் நிலையத்துக்கு வெளியே இருந்த இரண்டு எம்.டி.எம். பெட்டிகளை விண்வெளி வீரர்கள் மேம்படுத்தியவற்றால் மாற்றினார்கள். சூரியத் தகடுகள், குளிரூட்டும் குழாய்கள் போன்றவற்றுக்குக் கட்டளை போவது இவை வழியாகத்தான். மே 20 அன்று அந்தப் புதியவற்றில் ஒன்று செயலிழந்தது. இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை! ஜோடியில் மற்றது வேலை செய்ததால் ஆபத்து இல்லை. பெக்கி விட்சன் உள்ளேயே ஒரு மாற்றுப் பெட்டியைத் தயார் செய்தார். மே 23 அன்று அவரும் ஜாக் ஃபிஷரும் வெளியே போய் அதை மாட்டினார்கள். ஒரு பெட்டியை மாற்ற இரண்டு உயிர்கள் வெற்றிடத்தில் இறங்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். வீரர்கள் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தும் லேப்டாப்களை 2013-ல் விண்டோஸ் எக்ஸ்பி-யிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினார்கள். ஒரு லேப்டாப் நின்றால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். குளிரூட்டும் அமைப்புக்குக் கட்டளை போவது நின்றால் அப்படி முடியாது.

ஆகவே இங்கே சிக்கல் கம்ப்யூட்டரின் வயதில் இல்லை. அதை மாற்றும் நேரத்தில் எதை நிறுத்தி வைக்க முடியும் என்பதில்தான் இருக்கிறது. வங்கி என்றால் ஞாயிற்றுக்கிழமை மூடலாம். 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்திராத வீட்டை எப்போது மூடுவது? பழைய பெட்டி மெதுவானதுதான், ஆனால் அது எப்படியெல்லாம் பழுதாகும் என்பது பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். புதுப் பெட்டியைப் பற்றி அந்த அனுபவம் இனிமேல்தான் வர வேண்டும், அதுவும் உள்ளே ஆள் இருக்கும்போதே.

386 என்று கேட்டதும் சிரிப்பு வருவது இயல்புதான். ஓ'பிரையன் சிரித்திருக்க மாட்டார்.