பழைய பிக்அப் வண்டிக்கு டர்போ இயந்திரம்: மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

செம்பனைத் தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் பழைய பிக்அப் வண்டிகள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் 1988 முதல் 1997 வரை தயாரான ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிக்குத் தனி மதிப்பு உண்டு. அதன் சட்டகம் உறுதியானது. பழுதுபார்க்கத் தெரிந்த பட்டறைகளும் அதிகம். ஒரே குறை, சுமை ஏற்றினால் மேட்டில் மூச்சு வாங்கும். புது வண்டி வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை என்பதால், இருக்கும் வண்டிக்கே டர்போ இயந்திரம் பொருத்தலாமா என்று உரிமையாளர்கள் பலர் யோசிக்கின்றனர்.

பொருத்தலாம். ஆனால், இயந்திரத்தின் விலையை மட்டும் கணக்கிட்டுவிட்டு குளிரூட்டல், பிரேக், மின்கம்பி, ஆவணம் ஆகியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால், வண்டி பாதி வேலையோடு பட்டறையிலேயே நின்றுவிடும். பிழைப்புக்கு நம்பியிருக்கும் வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

டர்போ என்ன செய்கிறது?

டீசல் இயந்திரத்தின் வலிமை, அதன் உருளைக்குள் செல்லும் காற்றின் அளவைப் பொறுத்தது. காற்று கூடினால்தான் கூடுதல் எரிபொருளைப் புகையின்றி எரிக்க முடியும். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. இதுவே டர்போ. அழுத்தப்பட்ட காற்று சூடாகும் என்பதால் அதைக் குளிர்விக்க இன்ட்டர்கூலர் பயன்படுகிறது.

மலைப்பாதையில் இதன் பயன் நன்றாகத் தெரியும். தாப்பாவிலிருந்து ஏறினால் தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத இயந்திரம் அந்த அளவுக்கு வலிமை இழக்கும். டர்போ உள்ள இயந்திரம் அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்யும்.

பழைய இயந்திரத்திலேயே டர்போ பொருத்தினால் என்ன?

செலவு குறைவாகத் தோன்றும் வழி இது. ஆனால் டர்போ இல்லாமல் வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தின் பிஸ்டன், எண்ணெய்ப் பாதை, நீர்ப்பாதை எல்லாம் குறைந்த வெப்பத்துக்கு ஏற்றவை. பல லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த இயந்திரத்தின் மீது கூடுதல் அழுத்தத்தை ஏற்றினால் அது நீண்ட நாள் தாங்காது. தொழிற்சாலையிலேயே டர்போவுடன் பிறந்த இயந்திரத்தை மாற்றிப் பொருத்துவதே நிலையான தீர்வு.

எந்த இயந்திரம் பொருந்தும்?

பழைய ஹைலக்ஸில் உள்ள 2.8 லிட்டர் ‘3எல்’ இயந்திரம் ஏறக்குறைய 90 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். இதற்கு மாற்றாகப் பலர் தேடுவது டொயோட்டாவின் ‘1கேஇசட்-டிஇ’ எனும் 3.0 லிட்டர் டர்போ டீசல். 1993 முதல் ஹைலக்ஸ் சர்ஃப் வண்டிகளில் வந்த இந்த இயந்திரம் சுமார் 130 குதிரைத்திறனும் 290 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். அந்த முறுக்குவிசை 2,000 சுழற்சியிலேயே கிடைப்பதால், சுமையோடு ஏறும்போது அடிக்கடி கியர் குறைக்க வேண்டியதில்லை. சர்ஃப் வண்டி ஹைலக்ஸ் குடும்பத்திலிருந்தே உருவானது என்பதால் இயந்திரத் தாங்கிகளைப் பொருத்தும் வேலையும் ஓரளவு எளிதாகிறது.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அலுமினியத்தால் ஆன இதன் உருளைத் தலைப்பகுதி அளவுக்கு மீறிச் சூடானால் விரிசல் விடும். அதன் பிறகு வந்த ‘2கேடி’, ‘1கேடி’ வகைகள் உயர் அழுத்தக் காமன் ரயில் முறையில் இயங்குபவை. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் என்றாலும் மின்னணு வேலை அதிகம். அழுக்கு டீசலையும் அவை பொறுத்துக்கொள்ளா.

ஹாஃப்கட் வாங்கும்போது

ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்படும் வண்டியின் முன்பாதியே ஹாஃப்கட். இயந்திரத்தை மட்டும் வாங்குவதைவிட இதை வாங்குவதே நல்லது. கணினிப் பெட்டி, மின்கம்பித் தொகுதி, சென்சார்கள், இன்ட்டர்கூலர், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். இவற்றைத் தனித்தனியாகத் தேடி வாங்கினால் நேரமும் பணமும் கரையும்.

பணம் கொடுக்கும் முன் இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே முடுக்க வேண்டும். ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வந்தால் தலைப்பகுதியில் விரிசல் இருக்கலாம். எண்ணெய் மூடியைத் திறந்ததும் புகை பீறிட்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். இயந்திரத்தை அணைத்த பிறகு டர்போ தண்டை விரலால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பு. சக்கரம் உறையில் உரசக்கூடாது.

கியர்பாக்ஸ் இணைந்த ஹாஃப்கட் கிடைத்தால் அதையே தேர்வு செய்யலாம். அப்போது புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டி வரலாம். நான்கு சக்கர இயக்க வண்டியாக இருந்தால், இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டி முன்அச்சில் இடிக்காமல் இருக்கிறதா என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

பொருத்தும்போது விட்டுவிடக் கூடாதவை

டைமிங் பெல்ட், நீர்ப்பம்பு, தெர்மோஸ்டாட், எண்ணெய் முத்திரைகள் ஆகியவற்றை, இயந்திரம் வெளியே இருக்கும்போதே புதிதாக மாற்றிவிட வேண்டும். உள்ளே பொருத்திய பிறகு அதே வேலைக்குக் கூலி பல மடங்காகும்.

பழைய ரேடியேட்டர் இந்த இயந்திரத்தின் வெப்பத்துக்குப் போதாது. பெரிய ரேடியேட்டரும் அதற்கேற்ற விசிறியும் அவசியம். நீரின் வெப்பத்தைக் காட்டும் துல்லியமான மீட்டர் ஒன்றையும், டர்போவுக்கு முன்னால் வெளியேறும் புகையின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் பொருத்துங்கள். சுமையோடு ஏறும்போது அந்தப் புகைவெப்பம் சுமார் 700 பாகை செல்சியசை நெருங்கினால் காலைத் தளர்த்த வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வழக்கம்.

அடுத்தது பிரேக். மேட்டில் விரைவாக ஏறும் வண்டி, அதே சுமையோடு இறங்கியும் ஆக வேண்டும். முன்பக்க டிஸ்க், பின்பக்க டிரம், பிரேக் குழாய்கள் அனைத்தையும் புதுப்பிப்பது இந்த வேலையின் ஒரு பகுதியே. டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடத்தைத் தனிப் பம்ப் ஒன்று தருகிறது. புதிய இயந்திரத்தில் அந்தப் பம்பு நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

ஆவணங்கள்

வாகனப் பதிவு அட்டையில், அதாவது நாம் ‘கிராண்ட்’ என்று சொல்லும் ஆவணத்தில், இயந்திர எண்ணும் கொள்ளளவும் பதிவாகியுள்ளன. இயந்திரம் மாறினால் அந்தப் பதிவும் மாற வேண்டும். எனவே, ஹாஃப்கட் வாங்குவதற்கு முன்பே ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்குச் சென்று, இந்த வண்டிக்கு இந்த இயந்திரம் அனுமதிக்கப்படுமா, எந்தெந்தப் படிவங்கள் தேவை என்று கேட்டறிவது நல்லது.

கடையில் வாங்கிய ரசீது, இயந்திரம் முறையாக இறக்குமதியானதற்கான சுங்கத்துறையின் கே1 படிவம், வாகனச் சோதனை நிலையத்தின் அறிக்கை ஆகியவை முக்கியமானவை. மலிவாகக் கிடைக்கிறது என்று ஆவணமில்லாத இயந்திரத்தை வாங்கினால் பதிவை மாற்ற முடியாமல் போகலாம். வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் வங்கியிடமும் பேச வேண்டும். சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது என்பதால் அதுவும் மாறக்கூடும்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதிவில் ஓர் இயந்திரமும் வண்டியில் வேறோர் இயந்திரமும் இருக்கும் நிலையில் விபத்து நேர்ந்தால், இழப்பீடு மறுக்கப்படும் அபாயம் உண்டு. பண்ணை வண்டியில் குடும்பத்தாரும் வேலையாள்களும் பயணம் செய்வதை எண்ணிப் பார்த்தால் இதன் பாரம் புரியும்.

கணக்குப் போடும் முறை

தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசாக உயர்ந்த பிறகு, எரிபொருள் செலவையும் கணக்கில் சேர்க்காமல் முடியாது. டர்போ இயந்திரம் தானாகவே டீசலை மிச்சப்படுத்தாது. கிடைத்த வலிமையை வேகத்துக்குச் செலவிட்டால் டீசல் செலவும் கூடும்.

ஆகவே வேலையை இந்த வரிசையில் தொடங்குங்கள். முதலில் சட்டகத்தில் துரு உள்ளதா என்று பாருங்கள். சட்டகமே அரித்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்து ஜேபிஜே அனுமதி. பிறகு ஆவணத்தோடு கூடிய ஹாஃப்கட். அதன்பின் குளிரூட்டல், பிரேக், பொருத்தும் கூலி, சோதனை, காப்புறுதி ஆகிய அனைத்துக்கும் எழுத்து வடிவில் விலை கேட்டுக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய டர்போ பிக்அப்பின் விலையை நெருங்கினால், அந்த வண்டியை வாங்குவதே இலாபம். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால், உங்கள் பழைய ஹைலக்ஸுக்கு இயந்திரம் மாற்றுவது பயனுள்ள செலவு.