நாவைக் காத்த வணிகர்

வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைச் சந்தா சாகிப் 1749இல் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தபோது, புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளெக்சின் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அரசியல் அந்தரங்கங்கள் பல அவர் செவிக்கு எட்டின. குடும்ப வாணிபமும் அவர் கையில் இருந்தது.

அப்பதவியின் ஆபத்தை அக்குடும்பம் முன்பே அனுபவித்திருந்தது. அதில் அமர்ந்திருந்த அவருடைய மாமன் நைனியப்ப பிள்ளை, தண்டிக்கப்பட்டு 1717இல் சிறையிலேயே மாண்டார். அந்நினைவு அவருக்கு எச்சரிக்கையாய் நின்றது போலும்! தாம் கண்டதையும் கேட்டதையும் 1736 முதல் நாட்குறிப்பாக எழுதி வந்தார். கப்பல் வரவு, சரக்கு, கொடுக்கல் வாங்கல், துய்ப்ளெக்சின் மனைவியார் மீது கொண்ட மனக்கசப்பு ஆகிய அனைத்தும் அதில் உண்டு.

1761 சனவரி 12இல் அவர் மறைந்தார். நான்கு நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயினும் எழுத்து நிற்கவில்லை; தம்பி மகன் அதைத் தொடர்ந்தார். வெளியுலகம் அந்நாட்குறிப்பை அறிந்தது 1846இல்தான்.

குடும்ப வாணிபம் நடத்தும் நம்மவர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. தொழில் இரகசியம் ஓர் அமானிதம். அயலாரிடமிருந்து அதைக் காப்பது கடமை. ஆனால், தந்தையோடு கணக்கும் அடக்கமாகிவிட்டால், மக்கள் எதைக் கொண்டு கடை நடத்துவர்? அயலாருக்கு வாய் மூடியிருக்கட்டும். வாரிசுக்கு ஏடு திறந்திருக்கட்டும்.